சுவத்துல தொங்குற மருந்தாளுனர்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மருந்தாளுனரும் இல்லை. கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பொழைக்கிற ஆள். இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாரும் அப்பா அம்மா சாப்பிடுற எந்த மாத்திரையையும் நிறுத்திடாதீங்க. மனநல மாத்திரைகளைத் திடீர்னு நிறுத்துறது ரொம்ப மோசமாப் போகலாம். சந்தேகம் வந்தா எல்லா அட்டையையும் அள்ளிக்கிட்டு டாக்டர்ட்டப் போங்க. சரி, இனி சண்டைக்கு வர்றேன்.

மதுரையில எத்தனையோ மெடிக்கல் கடைகள்ல ஒரு காட்சி இருக்கும். கல்லாவுக்குப் பின்னாடி, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல, கண்ணாடி ஃப்ரேம் போட்டு ஒரு சர்டிபிகேட் தொங்கும். அதுல ஒரு பேரு, ஒரு பதிவு எண். அந்தப் பேருக்குச் சொந்தக்காரரை நீங்க கடையில பார்த்திருக்கவே மாட்டீங்க. அவரு வேற ஊர்ல வேற வேலையில இருப்பாரு, மாசாமாசம் வாடகை மட்டும் போயிரும். ஆமாங்க, சர்டிபிகேட்டுக்கு வாடகை. கல்லாவுல நிக்கிறது பத்தாவதோ பன்னெண்டாவதோ முடிச்ச தம்பி. அந்தத் தம்பி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. டாக்டர் கையெழுத்தைப் படிக்கிற கலையில அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஆனா சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவன் அவன் இல்லை. 1948-ல வந்த பார்மஸி சட்டம், 42-வது பிரிவு, அதைப் பதிவு பெற்ற மருந்தாளுனர் மட்டும்தான் செய்யணும்னு சொல்லுது. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷத்துல எழுதுன சட்டம். எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் சுவத்துலதான் தொங்குது.

இதெல்லாம் பழைய புலம்பல்தானேன்னு நீங்க கேக்கலாம். தலைவலி மாத்திரை வாங்குற ஆளுக்கு இது பழைய புலம்பல்தான். நான் இங்க பேச வந்தது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தைப் பத்தி. வயசு அறுபதைத் தாண்டி, மனநலத்துக்கு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறவங்க. அவங்களுக்கும் வயசாகும்ங்கிறதே இந்த ஊருக்கு மறந்து போச்சு. 2011 கணக்கெடுப்புலயே தமிழ்நாட்டுல நூத்துக்குப் பத்துப் பேருக்கு மேல அறுபதைத் தாண்டினவங்க. முப்பது வயசுல மனச்சிதைவுக்கோ இருதுருவ நோய்க்கோ மருந்து ஆரம்பிச்சவருக்கு இப்ப எழுபது. கூடவே சுகர், பிரஷர், மூட்டு வலி, தூக்கம் வராமை, மலச்சிக்கல் எல்லாம் வந்து உக்காந்துருச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாக்டர், ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு. ஒம்போது மாத்திரை, பத்து மாத்திரைன்னு போகுது. மொத்தத்தையும் ஒரே இடத்துல வச்சுப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?

எங்க சொந்தத்துலயே ஒரு அத்தை. உசிலம்பட்டிப் பக்கம். இருதுருவ நோய்க்கு இருபத்தஞ்சு வருஷமா லித்தியம் சாப்பிட்டவங்க. அந்த மாத்திரை அவங்களுக்குக் கண்கண்ட தெய்வம். அதுக்கு முன்னாடி வீட்டை விட்டு ஓடிப் போய் ரயில்வே ஸ்டேஷன்ல கண்டுபிடிச்ச கதையெல்லாம் உண்டு. அதுக்கப்புறம் நாலு பேரப்புள்ளைகளை வளர்த்து ஆளாக்குனாங்க. ஒரு பங்குனி மாசம் பிரஷர் ஏறுதுன்னு டாக்டர் மாத்திரையை மாத்தினாரு. பழைய மாத்திரை பேருக்குப் பின்னாடி ஒரு 'ஹெச்' மட்டும் சேர்ந்துச்சு. அந்த ஹெச்-னா ஹைட்ரோகுளோரோதயசைடு, நீர் பிரிய வைக்கிற மருந்து. பத்து நாள் கழிச்சு முழங்கால் வலி. பக்கத்துக் கடையில சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் ஒரு அட்டை. சித்திரை வெயில் எப்படின்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்ப கொஞ்சம் விஞ்ஞானம், பொறுத்துக்கோங்க. லித்தியம் ஒரு உப்பு. கிட்னி அதைச் சோடியத்தோட அண்ணன் தம்பி மாதிரி நடத்தும். உடம்புல தண்ணியும் சோடியமும் குறைஞ்சா கிட்னி சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடிச்சு வச்சுக்கும். தயசைடு மருந்து அதைத்தான் செய்யும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் வேற வழியில லித்தியம் வெளியேறுறதைக் குறைக்கும். டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகைப் பிரஷர் மாத்திரைகளுக்கும் அந்தக் குணம் உண்டு. வேர்வை மிச்ச வேலையைப் பார்த்துக்கும். லித்தியத்துல மருந்து அளவுக்கும் விஷ அளவுக்கும் நடுவுல இருக்கிற சந்து ரொம்பக் குறுகலானது. ரத்தத்துல 0.6-லருந்து 1.2 வரைக்கும் மருந்து, வயசானவங்களுக்கு இன்னும் கீழேயே வைப்பாங்க. 1.5-ஐத் தாண்டினா நஞ்சு.

அத்தைக்குக் கை நடுங்குச்சு. வாந்தி, பேதி. அப்புறம் நடை தள்ளாடி, பேச்சு குழறி, ஆளை அடையாளம் தெரியாமப் போச்சு. வீட்டுல என்ன நினைச்சாய்ங்கன்னு நினைக்கிறீங்க? "பழைய வியாதி திரும்பிருச்சு". ஒருத்தர் கூட மாத்திரையைச் சந்தேகப்படலை. மந்திரிச்சு கயிறு கட்டி, ரெண்டு நாள் போச்சு. அந்த ரெண்டு நாளும் "மறக்காம மாத்திரை குடுங்க, அப்பத்தான் அடங்கும்"னு லித்தியத்தை வேற ஒழுங்காக் குடுத்திருக்காங்க. மூணாவது நாள் மதுரைக்குத் தூக்கிட்டு வந்து, டயாலிசிஸ் பண்ணி உயிரைப் பிடிச்சாங்க. உயிர் இருக்கு. ஆனா நடை அப்படியே தள்ளாட்டமாவே நின்னு போச்சு. சிறுமூளையில ஏற்பட்ட சேதம் சில பேருக்கு மாறாதாம்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. டைக்ளோஃபெனாக் கொடுத்த கடைக்காரருக்கு அத்தை லித்தியம் சாப்பிடுறது தெரியவே தெரியாது. ஏன்னா லித்தியத்தை அந்தக் கடையில வாங்குறதே இல்லை! "அந்த மாத்திரை"யை உள்ளூர்ல வாங்கினா தெருவுக்கே தெரிஞ்சுரும்னு இருபத்தஞ்சு வருஷமா மதுரைக்கு வந்து வாங்கிட்டுப் போறாங்க. பொண்ணு கல்யாணம், பேத்தி கல்யாணம்னு யோசிக்கிற குடும்பம். இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. மேலூர்க்காரங்க, திருமங்கலத்துக்காரங்க, பேரையூர்க்காரங்க எத்தனை பேரு மாட்டுத்தாவணியிலயும் ஆரப்பாளையத்துலயும் இறங்கி, முகத்தை மறைச்சுக்கிட்டு மாத்திரை வாங்கிட்டு அடுத்த பஸ் ஏறுறாங்கன்னு நினைக்கிறீங்க? வெக்கம் மருந்துப் பட்டியலை ரெண்டாப் பிளந்து வச்சிருக்கு. மனசு மாத்திரை ஒரு ஊர்ல, உடம்பு மாத்திரை ஒரு ஊர்ல. ரெண்டும் ஒண்ணாச் சேர்றது அந்த வயசான வயித்துக்குள்ளதான்.

மூணாவது பை ஒண்ணும் உண்டு, அரசாங்கப் பை. பெரியாஸ்பத்திரியில கொடுக்கிறது மருந்தோட மூலப் பேரு போட்ட அட்டை. 1994-ல ஆரம்பிச்ச மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி அனுப்புறது, உண்மையிலேயே நாட்டுக்கே முன்மாதிரியான ஏற்பாடு, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தனியார் டாக்டர் எழுதுறது கம்பெனிப் பேரு. ரெண்டும் ஒரே மருந்துன்னு யாரும் சொல்லலைன்னா? வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் மாத்திரை ஒண்ணுன்னு ரெண்டையும் முழுங்கிட்டு, பகல் பூரா தூங்கி வழிஞ்சு, ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பை உடைச்சுக்கிற பெரியவங்களை நான் பார்த்திருக்கேன். தூக்க மாத்திரைக்கும் இடுப்பெலும்புக்கும் உள்ள பகை ரொம்பப் பழசு. அமெரிக்காவுல மார்க் பீயர்ஸ்னு ஒரு டாக்டர் 1991-லயே வயசானவங்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துப் பட்டியல் போட்டுட்டாரு. அதைத் திருத்தித் திருத்தி 2023 வரைக்கும் கொண்டு வந்திருக்காங்க. அல்ப்ரசோலம், டயசிபாம் வகையறா அதுல இருக்கு. நம்ம வீடுகள்ல அதைக் கடலை மிட்டாய் மாதிரி வச்சிருக்கோம்.

அந்தப் பட்டியல்லயே இருக்கிற இன்னொருத்தர் ட்ரைஹெக்சிஃபெனிடில். பேரு வாயில நுழையாது, ஆனா மனநலச் சீட்டுகள்ல அடிக்கடி கண்ல படும். மனச்சிதைவு மருந்தால வர்ற கை நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கக் கொடுக்கிறது. நல்ல மருந்துதான், வாலிப வயசுல. எழுபது வயசுல அது ஞாபகத்தைக் குழப்பும், மலத்தைக் கட்டும், மூத்திரத்தை அடைக்கும், கண்ணை மங்க வைக்கும். ஆரம்பிச்ச டாக்டர் ரிட்டையர் ஆகியிருப்பார், மாத்திரை மட்டும் ரிட்டையர் ஆகாம "ரிப்பீட்" ஆகிக்கிட்டே இருக்கும். மறதி வந்ததும் "வயசாயிருச்சுல்ல"ன்னு மறதிக்கு ஒரு மாத்திரை. மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை. சளி பிடிச்சா அதே குணமுள்ள இன்னொரு மாத்திரை கடையிலருந்து. தலைசுத்தலுக்குச் சின்னாரிசின்னு ஒண்ணு கொடுப்பாங்க, அதை மாசக்கணக்குல விடாமச் சாப்பிட்டா வயசானவங்களுக்குப் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கம் வரலாம். உடனே அந்த நடுக்கத்துக்கு? கரெக்ட், இன்னொரு மாத்திரை! பக்கவிளைவை வியாதின்னு நினைச்சு வைத்தியம் பார்க்கிற இந்தச் சங்கிலியை மருத்துவத்துல தனியாவே பேரு வச்சு எழுதியிருக்காங்க.

சங்கிலின்னதும் ஞாபகம் வருது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேர் தீயில கருகினாங்க. நாடே துடிச்சுது, கோர்ட் கேட்டுச்சு, கமிஷன் வந்துச்சு. இரும்புச் சங்கிலி கண்ணுக்குத் தெரியுது, அதனால கோவம் வருது. மாத்திரைச் சங்கிலி கண்ணுக்குத் தெரியலை.

இன்னொரு கூத்து கேளுங்க. க்ளோசபின், ஓலான்சபின் சாப்பிடுற ஒரு தாத்தா நாப்பது வருஷமாப் பீடி குடிக்கிறார்னு வைங்க. பீடிப் புகை கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தைச் சீக்கிரம் கரைக்க வைக்கும். டாக்டரும் அதுக்கு ஏத்த அளவுலதான் மருந்து வச்சிருப்பாரு. திடீர்னு ஒருநாள் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேர்த்து பீடியை நிறுத்தினா, அதே மாத்திரை அதே அளவுல ரத்தத்துல எகிறும். பீடியை நிறுத்துறது நல்ல காரியம்தான், நிறுத்துறப்ப மனநல டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லணும். இதை எந்தக் குடும்பத்துக்குத் தெரியும்? மருந்தாளுனருக்குத் தெரியும். பாடத்துல படிச்சிருக்கார்.

இங்கதான் என் கோவம் ஆரம்பிக்குது. தெரிஞ்ச ஆள் ஊர்ல இருக்கார், ஆனா தெரிஞ்சது வெளிய வர வழி இல்லை. 2008-லருந்து இந்தியாவுல ஃபார்ம்.டி படிப்பு இருக்கு, ஆறு வருஷம், கடைசி வருஷம் ஆஸ்பத்திரியில பயிற்சி. மதுரையிலயே மருத்துவக் கல்லூரியில பார்மஸி படிப்பு இருக்கு, உத்தங்குடியில காலேஜ் இருக்கு. வருஷா வருஷம் பட்டாளமா வெளிய வர்றாங்க. அப்புறம் எங்க போறாங்க? எனக்குத் தெரிஞ்ச பசங்க மெடிக்கல் கோடிங்ல உக்காந்து அமெரிக்கக்காரன் இன்சூரன்ஸ் பில்லுக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருக்காங்க.

சட்டத்துல இடம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. 2015-ல பார்மஸி கவுன்சில் ஒரு விதிமுறையே போட்டுச்சு. சீட்டு வந்ததும் மருந்தாளுனர் அந்த நோயாளியோட மருந்து விவரத்தைப் பார்க்கணும், தானே பேச்சை ஆரம்பிக்கணும், எப்படிச் சாப்பிடணும், என்ன பக்கவிளைவு வரும், எந்த மருந்தோட சேராது, ஒரு வேளை விட்டுப் போனா என்ன செய்யணும்னு சொல்லணும். கவனிங்க, நோயாளி கேட்டா சொல்லணும்னு இல்லை, தானே ஆரம்பிக்கணும். 2014 மார்ச்லருந்து ஹெச்1 பட்டியல் வேற. அல்ப்ரசோலம், டயசிபாம், சோல்பிடெம் எல்லாம் வித்தா டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தனை மாத்திரைன்னு நோட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அந்த நோட்டை எழுதுறாங்களே, அதே கையோட "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் என்ன வலிச்சா போயிரும்?

இனி எதிர்க்கட்சிகளோட வாதத்துக்கு வர்றேன்.

கடைக்காரங்க சங்கம். 2018 செப்டம்பர் 28-ல ஆன்லைன் மருந்து வியாபாரத்தை எதிர்த்து நாடு பூரா ஷட்டரை இறக்கினாங்க. என்ன காரணம் சொன்னாங்க? ஆன்லைன்ல வாங்கினா நோயாளிக்கு வழிகாட்ட ஆள் இருக்காது, தப்பு மருந்து போகும், தூக்க மாத்திரை கண்டவன் கைக்குப் போகும். ஒவ்வொரு வார்த்தையும் வாஸ்தவம். அண்ணே, அந்த வழிகாட்டுதலைக் கொஞ்சம் கடையிலயும் காட்டுங்கண்ணே! கம்ப்யூட்டர் கேக்காத கேள்வியை நீங்களும் கேக்கலைன்னா, இருபது பெர்சென்ட் தள்ளுபடி தர்றவன்கிட்ட ஜனம் ஏன் போகாது? உங்ககிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் வாய்தான். அதைப் பூட்டி வச்சுட்டு ஷட்டரை இறக்கி என்ன பிரயோஜனம்?

அவங்க பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பலை. பேசுறதுக்கு யார் காசு கொடுப்பா? விலைக் கட்டுப்பாட்டுல இருக்கிற மருந்துக்குச் சில்லறைக் கடைக்கு 16 பெர்சென்ட் மார்ஜின், 2013 ஆணைப்படி. அந்த மார்ஜின் அட்டையை விக்கிறதுக்கு, ஒரு பாட்டியை உக்கார வச்சு அரை மணி நேரம் பேசுறதுக்கு இல்லை. அதுலயும் தள்ளுபடிப் போட்டி. ஆஸ்திரேலியாவுல 2001-லருந்தே மருந்தாளுனர் வீட்டுக்கே போய் மாத்திரையெல்லாம் பார்த்து டாக்டருக்கு அறிக்கை எழுதுவார், அரசாங்கம் அதுக்குன்னே பணம் கொடுக்கும். இங்க விதிமுறை மட்டும் எழுதுவோம், காசைப் பத்தி மூச்சு விட மாட்டோம். சும்மா செய்யச் சொன்னா எவன் செய்வான்? ஆக, சங்கம் இதுக்குப் போராடட்டும், நானும் கொடி பிடிக்கிறேன். ஆனா "காசு கொடுத்தா பேசுறோம்"னு கேட்டு ஷட்டர் இறங்கி நான் பார்த்ததே இல்லை. சர்டிபிகேட்டை வாடகைக்கு விட்டுட்டு அதைக் கேக்கவும் முடியாதுல்ல :-)

அடுத்து டாக்டருங்க. "மருந்துக்கடைக்காரனுக்கு அதிகாரம் கொடுத்தா அவனே வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சுருவான்". சார், அவன் இப்பவே வைத்தியம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான். அத்தைக்கு டைக்ளோஃபெனாக் எழுதினது எந்த டாக்டர்? நான் கேக்கறது மருந்து எழுதுற அதிகாரம் இல்லை. பட்டியலை முழுசாப் பார்த்து, சந்தேகம் இருந்தா உங்களுக்கு ஒரு போன் போடுற அதிகாரம். அந்தப் போன் வர்றப்ப "நீ யார்றா என்னைக் கேக்க"ன்னு வைக்காம இருக்கிற பெருந்தன்மை. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபி-யில உங்க முன்னாடி நிக்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கேன். ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம் கிடைச்சா பெரிசு. அந்த மூணு நிமிஷத்துல குரல் கேக்குதா, தூக்கம் வருதான்னு கேக்குறதே சரியாப் போகும். மூட்டு வலிக்கு என்ன சாப்பிடுறீங்கன்னு கேக்க ஏது நேரம்? உங்க வேலையில பாதியைச் சுமக்க ஒரு ஆள் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கார். அவரை மாத்திரை எண்ணிக் கவர்ல போடுற மிஷினா வச்சிருக்கோம்.

அரசாங்கத்துக்கிட்ட கேக்க வேண்டியதும் பெருசா ஒண்ணும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. அந்தத் தன்னார்வலர் அக்கா வீட்டுக்குள்ள வர்றப்ப, வீட்டுல இருக்கிற எல்லா அட்டையையும் ஒரு போட்டோ எடுத்து அந்த வட்டாரத்து மருந்தாளுனருக்கு அனுப்பட்டும். மனசு மாத்திரையும் அதே பையில வந்தா இன்னும் நல்லது, பிரஷர் மாத்திரையோட மாத்திரையா வந்தா தெருவுக்குத் தெரியவும் தெரியாது. 2025 பிப்ரவரி 24-ல ஒரே நாள்ல 1000 முதல்வர் மருந்தகம் திறந்தாங்க. மலிவு விலை, சந்தோஷம். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பிளாஸ்டிக் சேர் போட்டு, வாரத்துல ஒரு நாள் "மாத்திரைப் பையோட வாங்க"ன்னு போர்டு வைக்க என்ன செலவாகும்? அமெரிக்காவுல இதுக்கு பிரவுன் பேக்னு பேரு, பழுப்புக் காகிதப் பையில எல்லா மருந்தையும் அள்ளிப் போட்டுக் கொண்டு போய்க் கொட்டுறது. நமக்குத்தான் மஞ்சப்பை இருக்கே!

கடைசியா நம்மாளுங்க. சிங்கப்பூர்லயும் நியூஜெர்சியிலயும் உக்காந்துக்கிட்டு, வில்லாபுரத்துலயும் கே.கே.நகர்லயும் தனியா இருக்கிற அப்பாவுக்கு ஆப்ல மாத்திரை ஆர்டர் போடுற மக்கா, உங்களைத்தான். மூணு வருஷம் பழைய சீட்டை அப்லோட் பண்ணி "ரீஆர்டர்" பட்டனை அமுக்குறதுல பாசம் இருக்கு, ஒத்துக்கிறேன். அந்தச் சீட்டுல இருக்கிற ஒவ்வொரு மாத்திரையும் எதுக்குன்னு உங்களால சொல்ல முடியுமா? அந்த டாக்டர் அப்பாவைக் கடைசியா எப்பப் பார்த்தார்? அம்மா பக்கத்து வீட்டு மாமிகிட்ட வாங்கிச் சாப்பிடுற வலி மாத்திரை உங்க ஆப்புக்குத் தெரியுமா? அடுத்த தடவை வீடியோ கால்ல "சாப்ட்டியா"ன்னு கேட்டு முடிச்சதும், டப்பாவைக் கேமரா முன்னாடி கவுத்தச் சொல்லுங்க. எல்லாத்தையும், ஆயுர்வேதம், சித்தா, கஷாயப் பொடி உட்பட. ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி, ஒரு நகல் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல, ஒரு நகல் அப்பா சட்டைப் பையில. எந்த டாக்டர் புதுசா ஒண்ணு எழுதினாலும், எந்தக் கடையில வாங்கினாலும் முதல்ல அந்தத் தாளை நீட்டச் சொல்லுங்க. வெக்கப்பட்டு ஒரு மாத்திரையை மட்டும் அந்தத் தாள்ல மறைச்சுராதீங்க, பெரும்பாலும் அந்த ஒண்ணுதான் வில்லங்கம் பண்ணும்.

பி.கு 1: லித்தியம் சாப்பிடுறவங்க வீட்டுக்காரங்களுக்கு. ரத்த டெஸ்ட் கடைசி வேளை மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழிச்சு எடுக்கணும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தா அன்னைக்கே டாக்டருக்குப் போன். உப்பைத் திடீர்னு அடியோட குறைக்க வேண்டாம், வெயில் நாள்ல தண்ணி குறைய விட வேண்டாம். நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் மூணுல எது புதுசா வந்தாலும் கோயிலுக்கு அப்புறம் போய்க்கலாம், முதல்ல ஆஸ்பத்திரி.

பி.கு 2: ராத்திரி நேரத்துல மனசு சம்பந்தமா அவசரம்னா 14416, டெலி மானஸ், 2022 அக்டோபர்லருந்து இருக்கு. தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

பி.கு 3: "நான் கடையிலயே இருக்கிற மருந்தாளுனர், எல்லார்ட்டயும் பேசுறேன், எங்களை ஏன் திட்டுறீங்க"ன்னு யாராவது வந்தா, கடை எந்தத் தெருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அத்தைக்கு இனிமே அங்கதான் மாத்திரை.